ஊராட்சியின் வழக்கறிஞர் யாருக்கு வழக்கறிஞர்?

‘மூத்த வழக்கறிஞர்’ என்ற தொடருக்கு ஊர்ப் பேச்சில் ஒரு பொருளும் சட்டப் புத்தகத்தில் வேறொரு பொருளும் உண்டு. ஊரார் அப்படிச் சொல்லும்போது, இருபது முப்பது ஆண்டுகள் நீதிமன்றப் படியேறிப் பழகியவரும், வழக்குக் கட்டைப் புரட்டும்போதே அது நிற்குமா விழுமா என்று சொல்லக்கூடியவருமான ஒருவரை நினைக்கிறார்கள். 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 16ஆம் பிரிவிலோ அது உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ தகுதி கண்டு வழங்கும் பட்டமாக இருக்கிறது. அதைப் பெற்றவர் கட்சிக்காரரிடம் நேரடியாக வழக்கை வாங்கவோ, அவருக்காக வாதாடும் அதிகாரப் பத்திரமான வக்காலத்தைத் தம் பெயரில் தாக்கல் செய்யவோ கூடாது, இன்னொரு வழக்கறிஞர் துணையோடுதான் வாதாட வேண்டும். கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் பேளுக்குறிச்சி போன்ற ஓர் ஊருக்குத் தேவைப்படுபவர் பட்டம் பெற்றவர் அல்லர், ஊரார் சொல்லும் பொருளில் மூத்தவர். அவருக்கு இந்த ஊராட்சி அமைப்பில் இடம் ஏதும் ஒதுக்கப்படவில்லை என்பதிலிருந்துதான் சிக்கல் தொடங்குகிறது.

1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வழக்கறிஞரை அறவே மறந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. ஊராட்சிக்காக ஊதியம் பெற்று வாதாடுபவரும் ஊராட்சிக்கு எதிராக வாதாடுபவரும் அந்த ஊராட்சியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர்கள் என்று, மனநலம் குன்றியோரையும் ஊராட்சியோடு ஒப்பந்தத் தொடர்பு உடையோரையும் விலக்கும் அதே வரிசையில், அது எழுதி வைத்திருக்கிறது. விலக்கு சரியானதே, ஒரே ஆள் இரண்டு நாற்காலியில் உட்காரக் கூடாது. ஆனால் வழக்கறிஞரால் வரக்கூடிய தீங்கை இவ்வளவு கவனமாக நினைத்துப் பார்த்த சட்டம், அவரால் வரக்கூடிய நன்மைக்கென்று ஒரு பதவியை உண்டாக்கவில்லை. மாநகராட்சிகளுக்கு ‘நிலை வழக்கறிஞர்கள்’ எனப்படும் நிரந்தரப் பட்டியல் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். சுமார் 12,500 கிராம ஊராட்சிகளுக்கு இருப்பவர் அரசு வழக்கறிஞர். அவரும் அரசுக்கு உரியவர், ஊராட்சிக்கு இரவலாகக் கிடைப்பவர்.

ஒரு கிராம ஊராட்சிக்குச் சட்ட ஆலோசனை எதற்கு என்று கேட்போர் பேளுக்குறிச்சியையும் அதன் சுற்றுப்புறத்தையும் ஒரு முறை எண்ணிப் பார்க்கலாம். மல்லி, மிளகு, சீரகம், கடுகு, வெந்தயம் என்று ஓர் ஆண்டுக்கான மளிகையைக் குடும்பங்கள் மொத்தமாக வாங்கிப் போகும் சந்தையால் பெயர் பெற்ற ஊர் அது. சந்தை என்பது வணிகம் மட்டுமன்று, சட்டத்தின் பார்வையில் அது ஓர் உரிமைத் தொகுதி. ஊராட்சிகள் சட்டம் பொதுச் சந்தைகளை ஊராட்சி ஒன்றியச் சந்தை, கிராம ஊராட்சிச் சந்தை என்று வகைப்படுத்துகிறது. எந்தச் சந்தை எந்த வகை என்பதைப் பொறுத்து, கடைக்காரர்களிடம் சுங்கம் வசூலிக்கும் குத்தகையை ஏலம் விடும் அதிகாரி மாறுகிறார், வருமானம் போய்ச் சேரும் கணக்கு மாறுகிறது. ஏல அறிவிப்பில் எத்தனை நாள் இடைவெளி தரப்பட்டது, குத்தகைதாரர் பாக்கி வைத்தால் முன்பணத்தைப் பறிமுதல் செய்யும் நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்கிறதா, நிர்ணயித்த தொகைக்கு மேல் சுங்கம் வாங்கினால் குத்தகையை முறிக்கலாமா என்பவையெல்லாம் ஒரு பக்க ஒப்பந்தத்துக்குள் அடங்கும் கேள்விகள். அந்த ஒரு பக்கத்தைச் சட்டம் தெரிந்தவர் ஒருவர் முன்கூட்டியே படித்துப் பார்த்திருந்தால் நடக்கவே வேண்டியிராத வழக்குகள் தமிழகத்தின் சந்தைகளைச் சுற்றி ஏராளம்.

சந்தையைவிட நிலம் பெரிய விஷயம். ஏரி, குளம், ஓடை, மேய்ச்சல் தரை, வண்டிப்பாதை ஆகிய பொது நிலங்கள் புறம்போக்கு என்று பதிவாகியுள்ளன; அவற்றில் சில ஊராட்சியின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டவை, சில வருவாய்த் துறையிடமோ பொதுப்பணித் துறையிடமோ இருப்பவை. தனியார் ஒருவர் ஓடைக் கரையில் வேலி போட்டுவிட்டு, அது தம் அனுபவ நிலம் என்றும், ஊராட்சி தம்மை வெளியேற்றக் கூடாது என்றும் உரிமையியல் நீதிமன்றத்தில் நிரந்தர உறுத்துக்கட்டளை, அதாவது நிலையான தடையாணை, கேட்டு வழக்குப் போடுகிறார். ராசிபுரத்திலோ நாமக்கல்லிலோ உள்ள நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை ஊராட்சி அலுவலகத்துக்கு வருகிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின்படி எதிருரை, அதாவது பிரதிவாதியின் எழுத்துப்பூர்வ பதில், முப்பது நாளுக்குள் தாக்கலாக வேண்டும். நீதிமன்றம் காரணம் கண்டால் தொண்ணூறு நாள் வரை நீட்டிக்கும். அந்த நாட்கள் எப்படிப் போகின்றன என்பதை ஊராட்சி நிர்வாகத்தோடு பழகியவர்கள் அறிவார்கள். செயலர் தாளை வட்டார வளர்ச்சி அலுவலருக்கு அனுப்புகிறார். அவர் வட்டாட்சியரிடம் நில விவரம் கேட்கிறார். வழக்கறிஞர் கட்டணத்துக்கு எந்தத் தலைப்பில் செலவு எழுதுவது என்று ஒரு கேள்வி எழுகிறது. தலைவர் வக்காலத்தில் கையெழுத்திட ஒரு தீர்மானம் வேண்டும் என்று இன்னொருவர் நினைவூட்டுகிறார். இதற்கிடையில் வாய்தா நாள் வந்து, பிரதிவாதி ஆஜராகவில்லை என்று ஒருதலைப்பட்சத் தீர்ப்பு எழுதப்படுகிறது. அதை நீக்கக் கோரும் மனுவுக்கும் முப்பது நாள்தான் காலவரம்பு. அதுவும் தவறினால், தாமதத்தை மன்னிக்கச் சொல்லி முதலில் ஒரு மனு, பிறகுதான் மூல மனு.

சட்டம் ஊராட்சியின் பக்கம் இல்லை என்பதால் இது நடப்பதில்லை. 2001இல் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் ஊர்க்குளங்களைப் பற்றியும், 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் கிராமப் பொது நிலங்களைப் பற்றியும் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பிந்தைய தீர்ப்பு, ஆக்கிரமிப்பாளர்களை வெளியேற்றும் திட்டங்களை மாநிலங்கள் எல்லாம் வகுக்க வேண்டும் என்றே ஆணையிட்டது. தமிழகத்தில் 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது, 2015இல் டி.கே.சண்முகம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு நீர்நிலை ஆக்கிரமிப்பு பற்றி விரிவாகத் தீர்ப்பளித்தது. இவ்வளவு தீர்ப்புகளும் ஒரு சிற்றூரின் ஓடையைக் காப்பாற்ற வேண்டுமானால், அவற்றை எடுத்து எதிருரையில் வைக்கவும், நில அளவைப் புல வரைபடத்தையும் நில வகையைச் சொல்லும் ‘அ’ பதிவேட்டையும் சான்றாவணமாகக் குறியீடு செய்யவும் ஒருவர் அந்த நாளில் நீதிமன்றத்தில் இருந்தாக வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் சொல் ஊருக்குத் தானாக நடந்து வருவதில்லை.

இனி, அரசு வழக்கறிஞர் அந்த வேலையைச் செய்ய முடியாதா என்ற கேள்வி. பல நேரம் செய்கிறார், நன்றாகவே செய்கிறார். ஆனால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் விளக்கப் பிரிவு அவரை மாநில அரசால் அமர்த்தப்பட்டவர் என்றே வரையறுக்கிறது. அவருடைய கட்சிக்காரர் அரசு. அரசின் நலனும் ஊராட்சியின் நலனும் ஒன்றாக இருக்கும்வரை இந்த ஏற்பாட்டில் பழுது தெரியாது. அவை பிரியும் இடத்தில்தான் தெரியும், பிரியும் இடங்களைச் சட்டமே உண்டாக்கி வைத்திருக்கிறது.

ஊராட்சிகள் சட்டத்தில் மாவட்ட ஆட்சியர் ‘ஊராட்சிகளின் ஆய்வாளர்’ என்ற பெயரில் வருகிறார். ஊராட்சியின் தீர்மானம் சட்டப்படி நிறைவேற்றப்படவில்லை என்றோ அதிகார வரம்பை மீறியது என்றோ அவர் கருதினால், 202ஆம் பிரிவின்படி அதை நிறுத்திவைக்கலாம், ரத்தும் செய்யலாம். 203ஆம் பிரிவு அவருக்கு அவசர அதிகாரம் தருகிறது. தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து காசோலையில் கையொப்பமிட வேண்டும் என்ற 188ஆம் பிரிவின் ஏற்பாட்டில் சண்டை வந்து பணிகள் முடங்கும்போது, இந்த அவசர அதிகாரத்தைக் கொண்டு கையொப்ப உரிமையை மாற்றி எழுதும் ஆணைகள் உயர் நீதிமன்றத்தில் பல முறை கேள்விக்குள்ளாகியுள்ளன. 205ஆம் பிரிவு தலைவரையே நீக்க வழி செய்கிறது: ஆட்சியர் தாமாகவோ, உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கையெழுத்திட்ட குற்றச்சாட்டின் பேரிலோ விளக்கம் கேட்கிறார், விளக்கம் நிறைவளிக்காவிட்டால் வட்டாட்சியர் ஊராட்சிக் கூட்டத்தைக் கூட்டி உறுப்பினர்களின் கருத்தைப் பதிவு செய்கிறார், அதைப் பரிசீலித்தபின் ஆட்சியர் நீக்க அறிவிக்கை வெளியிடலாம், நடவடிக்கையைக் கைவிடவும் செய்யலாம். இந்த ஏணியில் ஒரு படி தாண்டப்பட்டாலும் அறிவிக்கை நீதிமன்றத்தில் நிற்காது. இப்படிப்பட்ட வழக்கில் ஆட்சியருக்காக எழுந்து நிற்பவர் அரசு வழக்கறிஞர். நேற்றுவரை ஓடை வழக்கில் அதே ஊராட்சிக்காக நின்றவரும் அவரே. தலைவர் தம் சொந்தப் பணத்தில் ஒருவரைப் பிடித்துக்கொள்வார். ஊராட்சி என்ற நிறுவனத்தின் நலனை, அதாவது அதன் தீர்மானங்களும் நிதியும் இந்தச் சண்டையில் சிதையாமல் இருப்பதை, எடுத்துச் சொல்ல நீதிமன்ற அறையில் யாரும் இல்லை.

ஊராட்சி வழக்கறிஞரின் கட்சிக்காரர் தலைவரும் அல்லர், செயலரும் அல்லர், பெரும்பான்மை உறுப்பினர்களும் அல்லர். ஊராட்சி என்ற சட்ட உருவே அவருடைய கட்சிக்காரர். அது பேசாத கட்சிக்காரர், அதனால் எளிதில் மறந்துபோகும் கட்சிக்காரர். ஐந்தாண்டுக்கு ஒரு முறை மாறும் முகங்களுக்குப் பின்னால் மாறாமல் இருக்கும் அதன் நலனைக் காப்பதற்கு முதல் தேவை, தலைவர் விரும்பாத பதிலைத் தலைவரிடமே எழுத்தில் தரும் துணிவு. இளம் வழக்கறிஞரிடம் சட்ட அறிவு குறைவு என்பதனால் அன்று, அடுத்த வழக்கு கிடைக்குமா என்ற கவலை அவரிடம் மிகுதி என்பதனால்தான் இந்த இடத்துக்கு மூத்தவர் வேண்டும் என்று சொல்ல நேர்கிறது.

இந்த வட்டாரத்துக்கு இது புதிய பாடமும் அன்று. நாமக்கல் 1997 ஜனவரி 1 அன்று தனி மாவட்டமாகும்வரை சேலம் மாவட்டத்தின் பகுதி. அந்தச் சேலத்தின் நகராட்சி வரலாற்றிலேயே இரண்டு வழக்கறிஞர்கள் நிற்கிறார்கள். முதலாமவர் சி.விஜயராகவாச்சாரியார். 1882இல் சேலம் நகராட்சிக்குத் தேர்வான அதே ஆண்டில் நகரில் கலவரம் நடந்தது. அதைத் தூண்டினார் என்று குற்றம் சாட்டப்பட்டுப் பத்தாண்டுத் தண்டனை பெற்ற அவரை மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் விடுவித்தது. அதோடு அவர் நிற்கவில்லை. தம்மை நகராட்சி உறுப்பினர் பதவியிலிருந்து நீக்கிய ஆணையை எதிர்த்து, இந்தியாவுக்கான அரசுச் செயலர் மீதே வழக்குத் தொடுத்து நூறு ரூபாய் இழப்பீடு பெற்றார். 1884ஆம் ஆண்டுச் சென்னைத் தீர்ப்புத் தொகுதியில் அவ்வழக்கு இடம்பெற்று, உள்ளாட்சி உறுப்பினரை அரசு நீக்கும் அதிகாரம் பற்றிய தொடக்ககால வழக்குகளில் ஒன்றாக இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. நூறு ரூபாய் அக்காலத்திலும் பெரிய தொகை அன்று. ஆனால் மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவரை நீக்கும் அரசு நீதிமன்றத்தில் பதில் சொல்லியாக வேண்டும் என்பது அந்த நூறு ரூபாயில் அடங்கியிருந்தது. 205ஆம் பிரிவின் நீண்ட ஏணியைப் படிக்கும்போது சேலத்து வழக்கு நினைவுக்கு வராமல் போகாது.

இரண்டாமவர் ராஜாஜி. சேலத்தில் பெரும் வருமானத்தோடு வழக்கறிஞர் தொழில் நடத்தியவர் 1917 முதல் 1919 வரை அந்நகராட்சியின் தலைவராக இருந்தார். இருவருமே சட்டம் படித்தவர்கள் உள்ளாட்சிக்குள்ளேயே உட்கார்ந்த காலத்தைச் சேர்ந்தவர்கள்; நகராட்சி மன்றத்தில் வழக்கறிஞர்கள் உறுப்பினர்களாக இருந்ததால், வெளியிலிருந்து ஓர் ஆலோசகரைத் தேட வேண்டிய அவசியம் பெரிதாகத் தோன்றவில்லை. அந்தக் காலத்து மன்றங்களில் சொத்தும் படிப்பும் உள்ளவர்களே நிறைந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்றைய ஊராட்சி அப்படிப்பட்டதன்று. 73ஆம் அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடப்புக்கு வந்து, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் இடஒதுக்கீடு தந்தது. தமிழகம் 2016இல் பெண்களுக்கான பங்கை ஐம்பது விழுக்காடாக உயர்த்தியது. சட்டத்தோடு முன்பழக்கம் இல்லாத குடும்பங்களிலிருந்து தலைவர்கள் வருகிறார்கள். அது இத்திருத்தத்தின் வெற்றி. அந்த வெற்றியை விழுங்குவதற்குச் செயலரும் ஒப்பந்ததாரரும் ‘சட்டம் இப்படித்தான் சொல்கிறது’ என்று காதில் ஓதும் சொல் போதும். அப்போது தலைவர் திரும்பிப் பார்த்துக் கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும்.

பேளுக்குறிச்சியிலிருந்து தலை நிமிர்ந்தால் தெரியும் மலையில் இந்தத் தேவை இன்னும் நுட்பமான வடிவம் எடுக்கிறது. கொல்லிமலை ஒன்றியத்தின் பதினான்கு ஊராட்சிகளும் வாழவந்தி நாடு, அரியூர் நாடு, வளப்பூர் நாடு என்று நாடுகளின் பெயராலேயே அமைந்தவை. மலையாளிப் பழங்குடியினரின் பழைய நாட்டமைப்பு அந்தப் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் அறிவிக்கப்படவில்லை என்பதால், பழங்குடிக் கிராம சபைகளுக்குத் தனி அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் இம்மலைக்குப் பொருந்தாது. பொருந்துவது 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். அதன் 6ஆம் பிரிவு, தனியர் உரிமையானாலும் சமூக உரிமையானாலும் அதைத் தீர்மானிக்கும் முதல் அதிகாரத்தைக் கிராம சபைக்கே தருகிறது. 2013இல் ஒடிசாவின் நியமகிரி மலை வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த அதிகாரத்தை எவ்வளவு தூரம் மதித்தது என்பது நாடறிந்தது.

ஆனால் ‘கிராம சபை’ என்ற ஒரே சொல் இரண்டு சட்டங்களில் இரண்டு பொருளில் நிற்கிறது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் அது ஊராட்சியின் வாக்காளர் அனைவரையும் கொண்ட ஒரே சபை. குறைந்தபட்ச வருகை மக்கள்தொகைக்கு ஏற்ப ஐம்பதில் தொடங்கி முந்நூறில் முடிகிறது. வன உரிமைச் சட்டம் மனத்தில் கொண்டிருப்பதோ ஒரு சிற்றூரின் வயதுவந்தோர் கூடும் சபை. 2012இல் திருத்தப்பட்ட அதன் விதிகளின்படி உறுப்பினர்களில் பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். மலைச் சரிவுகளில் சிதறிக் கிடக்கும் பல சிற்றூர்களை ஒரு ‘நாடு’ ஊராட்சி என்று கட்டிவைத்திருக்கும் இடத்தில், குடியரசு நாளில் கூடிய ஊராட்சி அளவிலான சபையின் தீர்மானத்தை வைத்து வன உரிமை கேட்டால், கூட்டத்தின் தகுதியைக் காரணம் காட்டியே மேல்நிலைக் குழு கோப்பைத் திருப்பிவிடலாம். உரிமை உண்டா இல்லையா என்ற பெரிய கேள்வி அங்கே எழவே எழாது. வருகைப் பதிவேட்டின் எண்ணிக்கையே விடையைத் தந்துவிடும். இதைக் கூட்டத்துக்கு முன்பு சொல்ல ஐந்து நிமிடம் போதும். கூட்டத்துக்குப் பிறகு சரிசெய்ய ஆண்டுகள் ஆகும்.

பிற இடங்களில் இந்த ‘முன்பு’ எப்படி நிறுவனமாக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு இங்கிலாந்து ஒரு சான்று. அங்கே 1989ஆம் ஆண்டு உள்ளாட்சி மற்றும் வீட்டுவசதிச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, முதன்மை உள்ளாட்சி மன்றம் ஒவ்வொன்றும் ‘கண்காணிப்பு அலுவலர்’ ஒருவரை அமர்த்த வேண்டும் என்கிறது; மன்றத்தின் மூத்த வழக்கறிஞரே பெரும்பாலும் இப்பதவியில் இருக்கிறார். மன்றமோ அதன் குழுவோ எடுக்கவிருக்கும் முடிவு சட்டத்துக்கு முரணானது என்று அவருக்குத் தோன்றினால் அறிக்கை தருவது அவருடைய கடமை, விருப்பம் அன்று. இருபத்தொரு நாளுக்குள் மன்றம் அதைப் பரிசீலிக்க வேண்டும், அதுவரை அந்த முடிவு நிறைவேறாது. நிதித் தலைமை அலுவலர் இந்தப் பதவியையும் சேர்த்து வகிக்கக் கூடாது. தமிழ்நாட்டின் 202ஆம் பிரிவோடு இதை வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்: இங்கே தீர்மானம் நிறைவேறிய பின் மேலிருந்து வரும் ரத்து, அங்கே தீர்மானத்துக்கு முன் உள்ளிருந்து எழும் எச்சரிக்கை. கேரளம் வேறு வழியில் போயிற்று. 1994ஆம் ஆண்டுக் கேரள ஊராட்சிச் சட்டத்தின் கீழ், மாவட்ட நீதிபதி நிலையிலுள்ளவரைக் கொண்ட தனித் தீர்ப்பாயம் திருவனந்தபுரத்தில் இயங்குகிறது. அது தகராறைத் தீர்க்கும் ஏற்பாடு, தகராறு பிறக்காமல் பார்க்கும் ஏற்பாடு அன்று.

ஒவ்வோர் ஊராட்சிக்கும் ஒரு வழக்கறிஞர் என்பது நிதிநிலை தாங்காத பேச்சு. அதற்கு வேலையும் இராது. நாமக்கல் மாவட்டத்தில் பதினைந்து ஊராட்சி ஒன்றியங்கள் உள்ளன. ஒன்றியத்துக்கு ஒருவர் என்று அமர்த்தி, அவருடைய கட்டணத்தை ஒன்றிய ஊராட்சிகள் வருமானத்துக்கேற்பப் பகிர்ந்துகொள்ளலாம். எத்தனை பேர் என்பதைவிட எப்படித் தேர்வு என்பது முக்கியம். அரசு வழக்கறிஞர் பதவிகள் ஆளும் கட்சியின் கைம்மாறாகிவிடக் கூடாது, தகுதியும் வெளிப்படையான முறையும் வேண்டும் என்று பிரிஜேஷ்வர் சிங் சாஹல் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த நோய் ஒன்றிய அளவுக்கு இறங்கினால், இருக்கும் நிலையைவிட மோசமாகும். எனவே தேர்வுக் குழுவில் மாவட்ட நீதித் துறையின் பிரதிநிதி இருப்பதும், பதவிக்காலம் ஊராட்சித் தேர்தலோடு சேர்ந்து முடியாதிருப்பதும், ஆலோசனைகள் எல்லாம் எழுத்தில் தரப்பட்டுத் தீர்மானப் புத்தகத்தில் ஒட்டப்படுவதும் அடிப்படை நிபந்தனைகளாக வேண்டும். பழங்குடியினருக்கும் பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் இலவச உதவி தரும் 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் அமைப்பை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே உதவி பெறுபவர் தனிமனிதர், சில வேளைகளில் ஊராட்சிக்கு எதிராகவே வழக்காடுபவர்.

இந்த ஏற்பாட்டைத் தள்ளிப்போட முடியாததாக்கும் காரணம் ஒன்று உண்டு. பழங்குடியினர் இடஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்ற காரணத்தால் 2016 அக்டோபரில் உயர் நீதிமன்றம் உள்ளாட்சித் தேர்தல் அறிவிக்கையை ரத்து செய்தது. அப்போது முதல் 2019 டிசம்பர்த் தேர்தல்வரை ஊரகப் பகுதிகள் தனி அலுவலர்களின் கையில் இருந்தன. அந்தத் தேர்தலில் வந்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தபோது, நாமக்கல் உட்பட 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகள் மீண்டும் தனி அலுவலர்களிடம் போயின. தனி அலுவலர் அரசு ஊழியர். ஊராட்சியின் ஓடை நிலத்தை அரசுத் துறை ஒன்றே தன் கட்டடத்துக்குக் கேட்டு, ஊராட்சி அதை மறுக்க வேண்டிய நிலை வந்தால், மறுப்புத் தீர்மானத்தை எழுத வேண்டியவரும் அரசு ஊழியர், வழக்கு வந்தால் வக்காலத்தில் கையெழுத்திட வேண்டியவரும் அவர், வாதாடப் போகிறவர் அரசு வழக்கறிஞர், எதிர்த்தரப்பு அரசு. தலைவர் இல்லாத காலத்திலும் வாக்காளர்களின் கிராம சபை ஒழிந்துபோவதில்லை. அதன் கருத்தைப் பதிவு செய்து நீதிமன்றத்துக்குக் கொண்டு செல்லும் கடமை, ஊராட்சியை மட்டுமே கட்சிக்காரராகக் கொண்ட ஒருவருக்குச் சட்டத்தில் எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

அப்படி ஒருவர் அமர்த்தப்பட்டால் அவருடைய இருக்கை நாமக்கல் நீதிமன்ற வளாகத்தில் இருப்பதைவிடப் பேளுக்குறிச்சியில், சந்தை கூடும் நாளில் இருப்பது பொருத்தம். மலையின் மிளகும் சமவெளியின் மல்லியும் ஒரே இடத்தில் எடைபோடப்படும் நாள் அது. அடிவார ஊராட்சிக்காரர் சுங்கக் குத்தகை ஒப்பந்தத்தின் வரைவோடும், நாட்டார் வருகைப் பதிவேட்டின் படியோடும், சரக்கு வாங்க வந்த நடையிலேயே வந்து, கையெழுத்துப் போடுவதற்கு முன்பு காட்டிவிட்டுப் போகலாம்.